தாதியும் பதிவேடும்

மூன்றாண்டுப் பயிற்சியை முடித்து வீடு திரும்பும் பெண்ணைப் பார்த்து, "நம் பிள்ளை தாதியாகிவிட்டாள்" என்று பெற்றோர் மகிழ்வது இயற்கையே. கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும், அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இம்மகிழ்ச்சியை நாம் பல வீடுகளில் காண்கின்றோம். ஆயினும் உண்மை யாதெனின், அப்பெண் அன்று பயிற்சி முடித்தவளேயன்றித் தாதியல்லள். தாதியர் வாரியத்தின் பரீட்சையில் தேறி, அவ்வாரியத்தின் பதிவேட்டில் அவள் பெயர் ஏறிய பின்னரே சட்டம் அவளைத் தாதியென ஏற்கும். இடையில் நிற்கும் இந்தப் படியை வெறும் காகிதச் சடங்கு என்று கருதுவார் நம்முள் பலர் உளர். இந்த ஒரு படியின் பொருட்டு இங்கிலாந்தில் முப்பதாண்டுக் காலம் வழக்கு நடந்தது என்பதை அவர் அறியார். அவ்வரலாற்றையும், அது நம் கெடாத் தோட்டங்களைத் தொட்ட விதத்தையும் சுருங்கக் கூறுவோம்.

பழந்தமிழ் நூல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், மதிப்பிற்குரியவள். ஆனால் பிற்காலத்தில் தாதி என்னும் சொல்லுக்கு ஏவலாள், வேலைக்காரி என்ற பொருளே வழக்கில் வலுத்தது. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-44ஆம் ஆண்டுகளில் எழுதிய 'மார்ட்டின் சஸ்ஸில்விட்' என்னும் நாவலில் வரும் கேம்ப் அம்மாள் என்னும் தாதி, நோயாளியைவிடக் குப்பியையே பெரிதும் நேசித்தவள். அக்கால இங்கிலாந்தில் தாதி என்றால் மக்கள் மனத்தில் எழுந்த உருவம் பெரும்பாலும் அத்தகையதாகவே இருந்தது.

அவ்வுருவத்தை மாற்றியவருள் முதன்மையானவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1854இல் முப்பத்தெட்டுப் பெண்களுடன் கிரிமியப் போரில் காயமுற்றோர் கிடந்த ஸ்கூட்டரி ஆஸ்பத்திரிக்குச் சென்று தொண்டாற்றிய இவ்வம்மையார், 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பள்ளியொன்றைத் தோற்றுவித்தார். நோயாளியைப் பேணுவது ஏவல் வேலையன்று, கற்றுத் தேர வேண்டிய கலை என்பதை உலகம் அதன் பின்னரே மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டது.

பள்ளி தோன்றிற்று; ஆனால் பள்ளியில் பயின்றவள் யார், பயிலாதவள் யார் என்று நோயாளி அறிவது எங்ஙனம்? வெள்ளுடையை எவரும் உடுத்தலாமே! இக்கேள்வியை எழுப்பியவர் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியின் தலைமைத் தாதியாக இருந்த எத்தல் பெட்போர்டு பென்விக் அம்மையார். 1887இல் அவர் பிரிட்டிஷ் தாதியர் சங்கத்தை நிறுவி, தாதியர்க்குப் பொதுப் பரீட்சையும் பொதுப் பதிவேடும் வேண்டுமென வாதாடினார். அதனை எதிர்த்தோருள் நைட்டிங்கேல் அம்மையாரும் ஒருவர் என்பது பலர்க்கு வியப்பளிக்கும். நல்ல தாதியை ஆக்குவது அவளது பண்பு. பண்பைப் பரீட்சை அளக்காது. ஏட்டில் பெயர் ஏறியதால் ஒருத்தி நல்லவளாகிவிடாள் என்பது அவர் கொண்ட கருத்து.

இவ்விருவருள் யார் கூறியது சரி? நைட்டிங்கேல் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. இரக்கத்தைப் பதிவு செய்ய எந்த ஏட்டாலும் இயலாது. ஆனால் அக்கூற்று ஒன்றை மறந்தது. பொருளுடையோர் நல்ல தாதியை விசாரித்துத் தேர்ந்துகொள்வர். ஏழையோ, அந்நேரத்தில் எவர் கை நீளுகின்றதோ அக்கையில் தன் உடலை ஒப்படைக்கின்றான். விசாரிக்க அவனுக்கு நேரமுமில்லை, வழியுமில்லை. அவன் பொருட்டு முன்கூட்டியே விசாரித்து வைப்பதுதான் பதிவேடு. ஆகவே பதிவேடு செல்வர்க்கு ஓர் அலங்காரமாக இருக்கலாம். ஏழைக்கு அதுவே அரண்.

இவ்வுண்மையை நியூசிலாந்து முன்னரே உணர்ந்தது. தாதியர்க்கெனத் தனிப் பதிவுச் சட்டத்தை 1901இல் இயற்றிய முதல் நாடு அதுவே. 1902ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் எல்லன் டோகர்ட்டி என்பவர் அங்கு முதலாவதாகப் பதிவு பெற்றார். இங்கிலாந்து 1919இல்தான் இணங்கிற்று. பென்விக் அம்மையாரின் பெயர் அந்நாட்டுப் பதிவேட்டில் முதல் எண்ணைப் பெற்றது. நம் முன்னோர் கப்பலேறிய சென்னை மாகாணத்தில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் வேலூரில் தாதியர் பள்ளி கண்டார். தாதியர், மருத்துவச்சியர் பதிவுக்கான மாகாணச் சட்டம் 1926இல் பிறந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். வேலூரில் பள்ளி தோன்றிய அதே 1909ஆம் ஆண்டில்தான், சயாமின் மேலாட்சியிலிருந்து கெடா பிரிட்டிஷார் செல்வாக்கிற்குள் வந்தது. தெற்குக் கெடாவில் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் மக்கள் பினாங்கில் இறங்கி அத்தோட்டங்களை நிரப்பினர். அவர்கள் பெயர் செக்ரோலில் ஏறிற்று. கணக்கு ஏடுகளோடு நாளைக் கழிக்கும் நாம் இதனை நன்கறிவோம்: அரை நாள் வேலையும் அவ்வேட்டிற்குத் தப்பாது. ஆனால் அதே தொழிலாளி காய்ச்சலில் கிடந்தபோது அவனைத் தொட்டுப் பார்த்தவர் எப்பயிற்சி பெற்றவர் என்று தொழிலாளிக்கு எடுத்துச் சொல்லும் ஏடு எங்கே இருந்தது?

பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் பல தோட்டங்களுக்கு ஒருவராக வந்து போவார். மற்ற நாட்களில் கொயினாவும் மருந்துக்கட்டும் தைலமும் டிரெஸர் கையில். அவருள் திறமையும் அன்பும் மிக்கோர் பலர் இருந்தனர். லயத்து மக்கள் அவரைத் தெய்வம்போல் மதித்ததும் உண்டு. பிள்ளைப்பேற்றிற்கோ லயத்திலேயே வாழ்ந்த மூதாட்டியே துணை. அவர் அனுபவத்தை நாம் இகழவில்லை. அவரின்றி நம்மில் பலர் பிறந்திருக்கவே முடியாது. ஆயினும் தொப்புள்கொடியை அறுத்த கத்தியைக் கொதிநீரில் இடவேண்டும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. அதனால் பிறந்த சில நாட்களிலேயே இழுப்புக் கண்டு மாண்ட சிசுக்களுக்கு, 'பேய் அடித்தது' என்று காரணம் கூறி, பூசாரிக்குக் காணிக்கையும் கொடுத்தோம். பேயைப் பழித்தோமே தவிர, அழுக்குக் கத்தியை எண்ணினோமில்லை.

மலாயாக் கூட்டரசில் தாதியர் பதிவுக்கான சட்டம் 1950இல் வந்தது. இன்றைய மலேசியத் தாதியர் வாரியம் அச்சட்டத்தின் வழிப்பட்டதே. தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளர், அதாவது நம் டிரெஸர்களின் பதிவுக்கெனத் தனிச் சட்டம் 1965இல் வந்தது. இன்றுள்ள மருத்துவச்சியர் சட்டம் 1966இல் எழுந்தது. நகரத்து ஆஸ்பத்திரித் தாதிக்குப் பின் பதினைந்து ஆண்டு கழித்தே தோட்டத்து டிரெஸருக்கு அத்தகைய சட்டம் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். காவல் மிகுதியாக வேண்டியவனுக்கு அது பிந்தியே வருவது உலகத்து வழக்கம் போலும்!

இன்று நிலை மாறிவிட்டது. பால்மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. பல லயங்கள் இல்லாமற்போயின. நம் மக்கள் பட்டணத்து வீடமைப்புகளில் குடியேறினர். 1947இல் கள்ளுக்கடைக்கு எதிராகத் தோட்டத் தொழிலாளர் திரண்ட பீடோங்கை அடுத்த செமிலிங்கில் இன்று ஒரு பல்கலைக்கழகம் நிற்கின்றது. அலோர் ஸ்டாரில் அரசாங்கத்தின் தாதியர் பயிற்சிக் கல்லூரி உள்ளது. வழி திறந்திருக்கின்றது. அவ்வழியில் செல்வோர் அறியவேண்டுவன சில.

முதலாவது, சேர விரும்பும் கல்லூரியின் தாதியர் பயிற்சி வாரியத்தின் ஒப்புதல் பெற்றதா என்று விசாரித்தல். அவ்வொப்புதல் இல்லாவிடில் மூன்றாண்டு உழைப்பும், கல்விக்கென வாங்கிய கடனும் வாரியப் பரீட்சையின் வாசலில் வந்து நின்றுவிடும். இரண்டாவது, கல்லூரித் தேர்வு முடிந்ததும் ஓய்ந்திராமல் வாரியப் பரீட்சைக்குப் பயிலுதல். மூன்றாவது, பதிவு பெற்ற பின்னரும் தொழில் நடத்தும் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும் என்பதையும், அதற்குத் தொடர்ந்து கற்று வந்ததற்கான புள்ளிகள் வேண்டும் என்பதையும் அறிதல். பெரும்பிழை செய்தவள் பெயரை நீக்கும் அதிகாரமும் வாரியத்திற்கு உண்டு. ஏட்டில் பெயரை ஏற்றுவது ஒரு பெருமையாயின், அப்பெயர்க்குப் பதில் சொல்லக் கடமைப்படுவது அதனினும் பெரும் பெருமையாகும்.

இவற்றைவிடக் கடினமான தடையொன்று நம் வீட்டிற்குள்ளேயே இருக்கின்றது. "பிறர் மலமூத்திரம் எடுப்பவள்," "இராவேலைக்குப் போகிறவள்," "கண்ட சாதிக்காரனையும் தொடுகின்றவள்" என்று பெண் பார்க்க வந்தவர் முகஞ்சுளிப்பதை நாம் இன்றும் காண்கின்றோம். தம் தாய் படுக்கையில் வீழ்ந்த நாளில், தூய்மை செய்த தாதியின் சாதியை இவர் கேட்டதுண்டோ? நோயுற்ற உடலில் தீட்டுக் காணாதவளை வீட்டிற்கு மருமகளாக ஏற்கத் தீட்டுக் காண்பது எந்நீதி? நைட்டிங்கேல் கூறிய பண்பு இதுவே. பதிவேட்டால் அளக்கவொண்ணாத அதனை அளந்து மதிக்கவேண்டியவர் நாமே.

ஆகவே தோட்டத்துக் கோயிற் கமிட்டியாரையும், பட்டணத்துச் சங்கத்தாரையும் ஒன்று கேட்டுக்கொள்வோம். திருவிழாக் கணக்கில் வாணவேடிக்கைக்கென எழுதும் தொகையில் ஒரு பங்கைப் பயிற்சி முடித்து வாரியப் பரீட்சைக்குக் காத்திருக்கும் பெண்களின் புத்தகத்திற்கும் பரீட்சைச் செலவிற்கும் ஒதுக்குங்கள். வாணம் ஒரு நொடியில் சாம்பலாகும். பரீட்சையில் தேறிய பெண்ணோ, நள்ளிரவில் நம்முள் எவர் வீட்டுக் குழந்தை காய்ச்சலில் துடித்தாலும், இன்ன மருந்து இன்ன அளவு என்று அறிந்து கொடுப்பாள். நம் பாட்டிமார் பெயர் ஏறியது செக்ரோல் ஒன்றில்தான். பேர்த்திமார் பெயர் தாதியர் பதிவேட்டில் ஏறட்டும். அதற்குத் துணை நிற்பது நம் கடன்.