0.022: எலிக்குட்டியும் நானும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். காலேஜ் ரெண்டாவது வருஷம், கல்ச்சுரல்ஸ்ல கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டி. யாரோ பெரிய ஆட்டக்காரர் சென்சிடிவிட்டி 2 வைக்கிறார்னு படிச்சுட்டு நானும் 2 வெச்சேன். எதிரியைக் குறி பார்த்தா, குறி பக்கத்து சுவத்துல போய் நிக்குது. முதல் ரவுண்டுலயே வெளிய. டீம்ல மீதி நாலு பேரும் மூணு நாள் என்கூடப் பேசல.

ஏன் அப்படி ஆச்சுன்னு புரிஞ்சது, பொட்டி தட்ட வந்தப்புறம்தான். ஆணி கம்மியா இருந்த ஒரு நாள் க்வேக் விளையாட்டோட சோர்ஸ் கோடை நோண்டினேன் (1999-லயே வெளியிட்டுட்டாங்க).

1993-ல வந்த டூம்ல மேல கீழ பார்க்கவே வழி கிடையாது. கீபோர்டே போதும்னு நிறைய பேர் ஆடினாங்க. 1996-ல க்வேக் நிஜமான முப்பரிமாணத்தோட வந்தது. அதுலயும் மவுஸால சுத்திப் பார்க்க நாமளே ஒரு கட்டளை கொடுக்கணும். 1997-ல 'த்ரெஷ்' எனப்பட்ட டென்னிஸ் ஃபாங், இடது கை கீபோர்ட், வலது கை மவுஸ்னு ஆடி, ஜான் கார்மாக்கோட ஃபெராரி காரையே பரிசா ஜெயிச்சார். அப்புறம் ஊரே அந்த ஸ்டைலைக் காப்பியடிச்சது.

அந்தக் கோடுல ஒரு எண் இருக்கு: 0.022. மவுஸ் அனுப்பற ஒவ்வொரு துடிப்புக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்பும். சென்சிடிவிட்டி அதைப் பெருக்குது, அவ்வளவுதான். க்வேக் எஞ்சினை வெச்சு 1998-ல ஹாஃப்-லைஃப், அதுமேல 1999-ல கவுண்டர்-ஸ்ட்ரைக். 2023-ல வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வரைக்கும் அதே 0.022!

மாறினது எலிக்குட்டிதான். 1999-ல மைக்ரோசாஃப்ட் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் உருண்டையைத் தூக்கிட்டு ஒளியால வேலை செஞ்சது. அதோட 3.0 மாடல்ல 400 டிபிஐ. சென்சிடிவிட்டி 2 வெச்சா, ஒரு முழுச் சுத்துக்கு 52 சென்டிமீட்டர் நகர்த்தணும். அதனாலதான் முழங்கையோட சேர்த்து இழுக்கற பழக்கமும், பாய் மாதிரி மவுஸ்பேடும். 2005-ல லாஜிடெக் எம்எக்ஸ்518 1600 டிபிஐயோட வந்தது. அதுல அதே 2 வெச்சா 13 சென்டிமீட்டர்லயே முழுச் சுத்து முடிஞ்சுடும்.

என் மவுஸும் 1600 தான். நான் காப்பியடிச்சது எண்ணை மட்டும், தூரத்தை இல்ல :-(

ஸோ மக்களே, யாராவது 'என் சென்சிடிவிட்டி இவ்வளவு'ன்னு சொன்னா, டிபிஐ எவ்வளவுன்னு கேளுங்க. எந்த கேம்னும் கேளுங்க. 2020-ல வந்த வேலரண்ட்ல அந்த எண் 0.07, அதனால கவுண்டர்-ஸ்ட்ரைக் அளவை 3.18-ஆல வகுக்கணும். ஸ்கேலை எடுத்து, ஒரு சுத்துக்கு எத்தனை சென்டிமீட்டர்னு அளந்துக்கறது இன்னும் உத்தமம். நான் இப்போ 800 டிபிஐ, சென்சிடிவிட்டி 1. அதே 52 சென்டிமீட்டர்.

போன மாசம் அந்த நாலு பேர்ல ஒருத்தன்கிட்ட இதையெல்லாம் விளக்கினேன். "அப்போ நீ மோசமா ஆடல மச்சி, கணக்குதான் தப்பு"ன்னான்.

"இல்லடா, கணக்கே போடல"ன்னேன்.