கோடரியிலிருந்து கிளம்பிய சொல்

விறகு பிளப்பதற்குப் பழைய கிரேக்கர்கள் வைத்திருந்த வினைச்சொல் ‘ஸ்கிசைன்’. நார்வாக்கில் வெட்டு விழுந்து கட்டை இரண்டாகப் போகும் அந்த வேலைதான் அதன் பொருள். இந்தச் சொல்லின் வாரிசுகள் நம் பேச்சிலேயே நடமாடுகின்றன. படப்பிடிப்பில் ‘முதல் ஷெட்யூல் முடிந்தது’ என்கிறார்களே, அந்த ஷெட்யூல் அவற்றில் ஒன்று.

நைல் நதிக்கரைப் பாப்பிரஸ் தண்டைச் சீவி எடுத்த பட்டையை ‘பிளந்த துண்டு’ என்ற பொருளில் கிரேக்கர்கள் அழைத்தார்கள். எகிப்தின் தாள்கள் கப்பலேறி ரோமுக்குப் போனபோது அந்தப் பெயரும் கூடவே போனது. லத்தீனில் அது சிறு தாள் ஆயிற்று. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து, பத்திரத்தோடு இணைக்கும் சீட்டாகி, பிறகு பட்டியலாகவே மாறிவிட்டது. தமிழ் உட்பட 22 மொழிகள் இடம்பெற்றுள்ள நம் அரசமைப்பின் எட்டாவது அட்டவணைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் இதுவே.

இன்னொரு கிளை தேவாலயத்துக்குள் நுழைந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பழைய துணியில் விழும் கிழிசலும் கொரிந்து சபையில் விழுந்த பிரிவினையும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன: ‘ஸ்கிஸ்மா’. 1054 ஜூலை 16 அன்று ரோமிலிருந்து வந்த கர்தினால் ஹம்பர்ட், கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோஃபியா பீடத்தின்மீது சபைநீக்க ஆணையை வைத்துவிட்டுப் போனார். கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் பிரிந்ததற்கு அடையாளமாக நிலைத்துவிட்ட நாள் அது. இரு தரப்பும் அந்தப் பழைய சாபங்களை விலக்கிக்கொண்டது 1965 டிசம்பரில்தான்.

ஏடு ஏடாகப் பிரியும் பாறைக்கு, அதே சொல்லிலிருந்து வந்த ‘ஷிஸ்ட்’ என்று பெயர். கிரேக்கச் சிற்பப் பாணியின் சாயல் படிந்த காந்தாரத்துப் புத்தர்கள் பலரும் சாம்பல் நிற ஷிஸ்ட் கல்லில் வடிக்கப்பட்டவர்கள்.

19ஆம் நூற்றாண்டில் நுண்ணோக்கி வைத்திருந்தவர்கள் இந்தச் சொல்லை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டார்கள். பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுவதைக் கொண்டு கார்ல் நேகெலி 1857இல் அவற்றுக்குப் ‘பிளவுப் பூஞ்சைகள்’ என்று பெயரிட்டார். அவை பூஞ்சைகளே அல்ல என்பது பின்னால் தெரிந்து அந்தப் பெயர் வழக்கொழிந்தது. 1893இல் ஜெர்மானியர் பால் லிண்ட்னர், கிழக்கு ஆப்பிரிக்கத் தினை பீரிலிருந்து ஒரு ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். பல ஈஸ்ட்டுகள் மொட்டு விட்டுப் பெருக, இது நடுவே பிளந்து பெருகியது. ‘ஸ்கிசோசாக்கரோமைசிஸ் போம்பே’ என்று பெயர் வைத்தார். போம்பே என்றால் சுவாஹிலி மொழியில் பீர். செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் மரபணுவை இந்த ஈஸ்ட்டில் கண்டறிந்த பால் நர்ஸ், 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதுவரை இந்தச் சொல்லால் யாரும் காயப்படவில்லை. 1908 ஏப்ரலில் அது மனித மனத்தின்மீது விழுந்தது. சூரிச் நகரின் பர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனைத் தலைவர் ஆய்கன் பிளாய்லர், பெர்லினில் ஆற்றிய உரையில் ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்ற பெயரை முன்வைத்தார். அதற்குமுன் அந்த நோய்க்கு இருந்த பெயர், இளவயதிலேயே அறிவு மங்கிப்போவது என்று பொருள்படுவது. எல்லா நோயாளிகளும் அப்படி மங்கிப்போவதில்லை என்பதைப் பிளாய்லர் கண்டிருந்தார். ஆகவே புதுப் பெயர் அக்கறையில் பிறந்ததுதான். சிந்தனை, உணர்ச்சி போன்றவை ஒன்றோடொன்று கொண்டுள்ள பிணைப்பு விட்டுப்போவதையே அவர் பிளவு என்றார். உலகமோ ஒரே உடலில் இரண்டு ஆட்கள் என்று புரிந்துகொண்டது. ‘அந்நியன்’ படத்தில் நாம் பார்த்தது அதுதான். ஆனால் அது முற்றிலும் வேறொரு கோளாறு. இந்தக் குழப்பம் நோயாளிகள்மேல் ஏற்றிய பயமும் பழியும் கொஞ்சமல்ல.

ஜப்பானில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பெயரை அப்படியே மொழிபெயர்த்து ‘மனம் பிளந்த நோய்’ என்றார்கள். பல மருத்துவர்களுக்கு அதை நோயாளியிடம் சொல்லவே வாய் வரவில்லை. நோயாளிகளின் குடும்பங்கள் சேர்ந்த அமைப்பு 1993இல் பெயர்மாற்றம் கேட்டது. 2002 ஆகஸ்டில், ‘ஒருங்கிணைப்புத் தடுமாற்றம்’ என்ற பொருள் தரும் புதுப்பெயர் ஏற்கப்பட்டது. மருந்து பழையதே, மருத்துவர்களும் அவர்களே. ஆனாலும் தன் நோய் இன்னதென்று சொல்லப்பட்ட நோயாளிகளின் விகிதம் சுமார் 37 விழுக்காட்டிலிருந்து மூன்றே ஆண்டுகளில் 70ஐ எட்டியது. ஒரு சொல்லை மாற்றி இவ்வளவு பேரிடம் உண்மையைப் பேச முடிந்ததை நான் பெரிய மருத்துவச் சாதனையாகவே கருதுகிறேன்.

தமிழில் பரவலாக வழங்குவது ‘மனச்சிதைவு’. அதில் பிளவு இல்லை, ஆனால் சிதைவு இருக்கிறது. சிகிச்சையோடு வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது பொருந்தாத கடுமையான சொல். தென்கொரியர்கள் 2011இல் தங்கள் பழைய பெயரைக் கைவிட்டு, நரம்பிசைக் கருவியின் தந்திகளுக்குச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து புதியதை உருவாக்கிக்கொண்டார்கள்.