திருமணி மருத்துவமனையும் டாக்டர் காக்ரேனும்

ஒரகடத்தில் இருந்து சிங்கப்பெருமாள் கோவில் போய், ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே திரும்பினால் செங்கல்பட்டு வந்துவிடும். அந்த ஊரை ஒட்டிய திருமணியில் ஒரு பழைய தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. கம்பெனி பஸ்களில் தினமும் போய் வருகிற பலருக்கு அதன் வரலாறு தெரிந்திருக்காது. தொழுநோய் வைத்தியத்தையே மாற்றிய ஒரு முயற்சி அங்குதான் நடந்தது. அதைச் செய்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன்.

கிருமி தெரிந்தது, மருந்து இல்லை

1873-ல் நார்வே மருத்துவர் ஹேன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். 1879-ல் ஜெர்மனியைச் சேர்ந்த இளம் தோல் மருத்துவர் ஆல்பர்ட் நெய்சர் நார்வேக்குப் போனார். அங்கிருந்து கொண்டுவந்த திசுக்களில் சாயம் ஏற்றி, கிருமியைத் தெளிவாகக் காட்டினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவருக்கும் இடையே பெரிய சர்ச்சையே நடந்தது. ஆனால் நோயாளிக்கு இதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. நீரடிமுத்து வகை எண்ணெய்தான் அப்போதும் முக்கிய மருந்து. அதை ஊசியாகப் போட்டால் வலி அதிகம், குணம் குறைவு.

கடலை எண்ணெயில் ஒரு மருந்து

காக்ரேன் 1899-ல் சீனாவில், பிரிட்டிஷ் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். 1930-களில் திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தின் தலைமை மருத்துவர் ஆனார். 1940-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

1941-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் டாக்டர் ஃபேஜெட், புரோமின் என்ற மருந்து தொழுநோயைக் கட்டுப்படுத்துவதைக் கண்டார். ஆனால் அதை இரத்தக் குழாயில் அடிக்கடி ஏற்ற வேண்டும். விலையும் அதிகம். கிராமத்து ஏழை நோயாளிக்கு அது எட்டாக்கனி.

புரோமினுக்கு மூலமான டாப்சோன் மலிவானது. ஆனால் மனித உடம்பு அதைத் தாங்காது என்று பயந்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1946-ல் காக்ரேன் அதைக் கடலை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டுப் பார்த்தார். நோயாளிகள் தேறினார்கள். பிறகு நைஜீரியாவில் டாக்டர் லோ, அதே மருந்தைக் குறைந்த அளவில் மாத்திரையாகக் கொடுத்தாலே போதும் என்று காட்டினார். கிருமியைக் கண்டதற்கும் ஏழைக்கு மருந்து கிடைத்ததற்கும் நடுவே எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன!

மடங்கிய விரல்கள்

காக்ரேன் செய்த இன்னொரு நல்ல காரியமும் உண்டு. கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டை 1947-ல் திருமணிக்கு அழைத்து வந்து நோயாளிகளைக் காட்டினார். மடங்கிப்போன விரல்களிலும் பிடிக்கும் பலம் மிச்சம் இருப்பதை பிராண்ட் கவனித்தார். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி விரல்களை மீண்டும் இயங்க வைத்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி போவதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயம் பட்டுப் பட்டுத்தான் அவை தேய்கின்றன. இதையும் அவர் விளக்கினார்.

பயம் மட்டும் போகவில்லை

1955-ல் திருமணி மருத்துவமனை மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமாக ஆனது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதிலும் டாப்சோன் இடம் பெற்றது. காக்ரேன் 1985-ல் மறைந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும், நோயாளிகளை ஒதுக்கி வைக்க 1898-ல் போட்ட சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதி 2019-ல்தான் போனது. கிருமியை விடப் பயத்துக்குத்தான் ஆயுள் அதிகம்!

இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால் மறைக்கக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை இலவசம். சீக்கிரம் போனால் விரல் மடங்காமலே குணமாகலாம். திருமணியில் காக்ரேன் பட்ட பாடெல்லாம் அதற்காகத்தான்.