ஒப்பாரியிலிருந்து சாட்சியத்துக்கு: களனி முகத்துவாரத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் துயர மொழி, 1656–2025

பேலியகொடையிலிருந்து பாலத்தைத் தாண்டினால் கிராண்ட்பாஸ். அங்கிருந்து மேற்கே திரும்பினால் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை. களனி கங்கை கடலில் கலக்கும் இடத்தில் மட்டக்குளியும் முகத்துவாரமும். வடகரையில் வத்தளை, ஹெந்தளை. நடந்தே பார்த்துவிடக்கூடிய இந்தச் சிறு நிலப்பரப்பில் தடைசெய்யப்பட்ட வழிபாடு, தொழுநோய் ஒதுக்கிடம், இனக்கலவரம், குண்டுவெடிப்பு என்று துயரத்தின் பல வடிவங்கள் மூன்றரை நூற்றாண்டுகளில் வந்து போயிருக்கின்றன. இதே பரப்பில்தான் இலங்கையின் மிக உயிர்ப்பான கத்தோலிக்க பக்தி மரபுகளில் ஒன்றும் வேர்விட்டது. துன்பமும் நம்பிக்கையும் இப்படி ஒரே மண்ணில் ஊன்றியது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு வழக்கமாக இறையியல் விடையொன்று சொல்லப்படுகிறது. சிலுவை துன்பத்துக்குப் பொருள் தருகிறது, ஆகவே விசுவாசி தாங்கிக்கொள்கிறான் என்பது அது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் வரலாற்றைப் பார்க்கும்போது, இம்மக்களைக் காத்தது துன்பத்துக்கான விளக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. சேர்ந்து அழ ஓர் இடமும், அழுவதற்கான சொற்களும், அந்தச் சொற்களை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோன சாதாரண மனிதர்களுமே காத்தார்கள். பின்னாளில் அந்த அழுகை மெல்ல மெல்ல ஒரு சாட்சியமாக, நீதி கேட்கும் குரலாக வளர்ந்தது.

குருவானவர் இல்லாத கோவில்

1656 மே மாதத்தில் போர்த்துக்கேயர் கொழும்பை ஒல்லாந்தரிடம் ஒப்படைத்தனர். 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. அதே ஆண்டில் கத்தோலிக்கக் குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தக் கம்பனி கட்டளை பிறப்பித்தது. தேவாலயங்கள் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறின. திருமணப் பதிவு, பிள்ளையின் ஞானஸ்நானம், சொத்துரிமை எல்லாம் பள்ளித் தோம்பில் (பதிவேட்டில்) பெயர் இருப்பதோடு பிணைக்கப்பட்டன. பகலில் கம்பனியின் பள்ளிக்கூடத்தில் பெயரைப் பதிந்துவிட்டு இரவில் செபமாலை உருட்டும் இரட்டை வாழ்வு இப்படித்தான் உருவாயிற்று. இதைக் கோழைத்தனம் என்று எழுதிய ஐரோப்பியர் உண்டு. நிலமும் பிள்ளையின் எதிர்காலமும் பணயமாக இருக்கையில், நம்பிக்கையின் ஒரு நூலையாவது அறுந்துபோகாமல் பிடித்து வைத்திருந்ததைக் கோழைத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கட்டளைகள் 18ஆம் நூற்றாண்டிலும் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டன. பலித்த தடையை யாரும் மறுபடி போடுவதில்லை.

இந்த இடைக்காலத்தில் கத்தோலிக்க சமயத்தைத் தாங்கியவர்கள் மூப்பர்களும் உபதேசியார்களும் பெண்களும்தான். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. இருந்தவை செபமாலை, பிரார்த்தனை, மனப்பாடமான பாடல்கள் ஆகியவை. துயரம் வந்தபோது ஆறுதல் சொல்லக் குருவானவர் இல்லாததால் மக்களே ஒருவருக்கொருவர் ஆறுதலாக வேண்டியிருந்தது. மன்னார்ப் பக்கத்தில் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல் காட்டுக்குள் போன குடும்பங்களைப் பற்றி மடு மரபு பேசுகிறது. நாட்டின் மிகப் பெரிய மரியன்னை யாத்திரைத் தலம் ஓர் அகதி முகாமாகத்தான் தொடங்கியது என்பதை நாம் அடிக்கடி மறந்துபோகிறோம்.

வைசூரியும் வாஸ் அடிகளும்

கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வரும்போதே கடும் வயிற்றுக்கடுப்பு. தெருவோரத்தில் கிடந்தவரை உள்ளூர் மக்கள்தான் பிழைக்கவைத்தார்கள். 1692இல் கண்டிக்குப் போனவர் ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஆதரவைப் பெற்று, தீவெங்கும் சிதறிக்கிடந்த சமூகங்களைத் தேடித் தேடிச் சென்றார்.

இக்கட்டுரைக்கு மிக முக்கியமானது 1697. கண்டியில் வைசூரி பரவியது. நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் விட்டுவிட்டுப் போயினர். அரண்மனையும் ஊரைவிட்டு நகர்ந்தது. வாஸ் அடிகளும் யோசே கர்வாலோ அடிகளும் அங்கேயே தங்கினர். கைவிடப்பட்டவர்களுக்குக் குடில் அமைத்தனர், உணவு கொண்டுபோயினர், புண்ணைக் கழுவினர், இறந்தவர்களைத் தாமே குழி தோண்டி அடக்கம் செய்தனர். பௌத்தரா, கத்தோலிக்கரா என்ற கேள்வி அங்கே எழவில்லை. அவர்களுடைய ஒரட்டோரியன் சபைக் கடிதங்களை வைத்து எஸ். ஜி. பெரேரா அடிகள் எழுதிய வாழ்க்கை வரலாறு இதை விரிவாகவே சொல்கிறது. அந்தப் பக்கங்களில் என்னை நிறுத்துவது அவர்கள் செய்த வேலையின் எளிமைதான். நோய் ஏன் வந்தது என்று அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. நோயாளியின் பக்கத்தில் இருந்தார்கள். இலங்கைக் கத்தோலிக்கத்தில் நம்பிக்கை என்பதன் முதல் வரைவிலக்கணம் இதுவென்றே கொள்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளர் மருத்துவமனையைத் திறந்தனர். அதே சகாப்தம், அதே நோய்ப்பயம். அந்த ஏற்பாட்டை வெறும் கொடுமை என்று தள்ளிவிட முடியாது. உணவும் கூரையும் அங்கே கிடைத்தன. ஆனால் அதன் தர்க்கம் ஒதுக்கிவைப்பது. கண்டிக் குடில்களின் தர்க்கம் கூட இருப்பது. பின்வந்த நூற்றாண்டுகளில் திருச்சபை இந்த இரண்டு தர்க்கங்களுக்கும் நடுவே ஊசலாடியதைப் பார்க்கலாம்.

வாஸ் அடிகள் 1711 சனவரி 16இல் கண்டியில் இறந்தார். 1995இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும், 2015 சனவரி 14இல் பிரான்சிஸ் பாப்பரசரும் காலிமுகத்திடலில் முறையே அவருக்கு முத்திப்பேறும் புனிதர் பட்டமும் அளித்தனர்.

அழுவதற்கான சொற்கள்

வாஸ் அடிகள் செய்கையால் காட்டியதை யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் எழுத்தாக்கினார். 1705இல் வந்த இவர் தமிழையும் சிங்களத்தையும் ஆழமாகக் கற்று இரண்டிலும் எழுதிக் குவித்தார். ஒல்லாந்தரிடம் 1737 முதல் கொழும்பில் அச்சகம் இருந்தது. கொழும்பில் பணியாற்றிய தமிழ்ப் போதகர் பிலிப்பு த மெல்லோவின் புதிய ஏற்பாடு 1759இல் அங்கேதான் அச்சேறியது. கத்தோலிக்கருக்கு அச்சு எட்டாக்கனி. கொன்சால்வஸின் நூல்கள் ஓலையில் படியெடுக்கப்பட்டுக் கைக்குக் கை மாறிப் பரவின.

அவற்றுள் 'தேவ அருள் வேத புராணம்' அறிஞர்களால் அதிகம் பேசப்படுவது. மக்கள் வாழ்வில் ஆழமாக இறங்கியது 'வியாகுல பிரசங்கம்'தான். இயேசுவின் பாடுகளைக் காட்சி காட்சியாகத் தியானிக்கும் இந்நூலைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிப்பார்கள். அந்த இராகம் நம் ஊர்ச் செத்தவீட்டு ஒப்பாரிக்கு மிக அண்மையானது. கேட்பவர்கள் கண்ணீர் விடுவார்கள். விடவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. தாய் மகனுக்காக அழுகிறாள். மகனை இழந்த ஊர்த் தாய் அந்தக் குரலுக்குள் தன் மகனுக்காகவும் அழுதுகொள்கிறாள். தனிவீட்டுத் துக்கம் ஊர்த் துக்கமாகி, ஊர்த் துக்கம் தேவதாயின் துக்கத்தோடு சேர்கிறது. இதை வாசிக்கக் குருவானவர் தேவையில்லை. குரல்வளமும் பயிற்சியும் உள்ள ஒரு மூப்பரோ அண்ணாவியாரோ போதும். தடைக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழிபாட்டு வடிவத்தை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மேற்குக் கரையோரம் முழுவதிலும் இதற்கு இணையான வடிவங்கள் உள்ளன: சிங்களத்தில் 'பசன்', பேசாலையில் பொம்மைகளைக் கொண்ட 'உடக்குப்பாஸ்', நீர்கொழும்பு துவையில் பாஸ்கு நாடகம். மன்னாரிலிருந்து சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் களனி முகத்துவாரம் வரையிலான கடலோரம் மொழியால் பிரிந்தாலும் பெரிய வெள்ளியன்று அழுவதில் பிரியவில்லை. கொன்சால்வஸ் 1742இல் போலவத்தையில் காலமானார்.

கொச்சிக்கடையின் தோற்றக் கதையும் இக்காலத்தது. வணிகர் வேடத்தில் வந்த அந்தோனியோ என்ற குருவானவர் முகத்துவார மீனவர்களிடம் ஒளிந்திருந்தார். கடல் கரையை அரித்தது. அவர் சிலுவை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது, ஒல்லாந்தர் சிறு கோவிலொன்றுக்கு இடம் விட்டனர். இது வாய்மொழி மரபு. ஆயினும் அது யாருடைய பயத்தைப் பேசுகிறது என்று கவனிக்க வேண்டும். குடிசையைக் கடல் கொண்டுபோய்விடுமோ என்று அஞ்சிய மீனவரின் பயம் அது. 1822இல் கோவாவிலிருந்து வந்த அந்தோனியார் சுரூபத்தின் முன் செவ்வாய்க்கிழமைகளில் இன்றும் கூடுவோரில் இந்துக்களும் பௌத்தரும் உண்டு. துறைமுகத் தொழிலாளி, வீட்டுவேலைக்கு மத்திய கிழக்கு போகும் பெண், காணாமற்போன மகனைத் தேடும் தாய் என்று அந்த வரிசை நீள்கிறது.

விடுதலைக்குப் பின்

1806இல் பிரித்தானியர் கத்தோலிக்கர் மீதான ஒல்லாந்தத் தடைச் சட்டங்களை நீக்கினர். பிரித்தானியாவிலேயே கத்தோலிக்கருக்கு அத்தகைய விடுதலை 1829இல்தான் வந்தது. 1847 முதல் அமலமரித் தியாகிகள் சபையினர் வந்தனர், பள்ளிக்கூடங்கள் எழுந்தன, கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயம் எழும்பியது. கொழும்பு 1886இல் உயர் மறைமாவட்டமானது. ஒளிந்திருந்த சமூகம் தலைநிமிர்ந்தது.

ஆனால் அழுகையால் கட்டப்பட்ட சமூகம் அதிகாரத்தின் நிழலுக்கு வந்ததும் என்ன செய்தது என்பதையும் மறைக்கக்கூடாது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மீகெட்டுவத்தே குணானந்த தேரரின் கொட்டாஞ்சேனை விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினர். உயிர்ப்பின் நாளில், ஒரு காலத்தில் தாமே ஒளிந்து செபித்த தெருக்களில், மற்றொருவரின் வழிபாட்டின் மீது கல் விழுந்தது. தன் துன்பத்தை மட்டும் நினைவில் வைக்கும் மரபு எவ்வளவு எளிதில் கடினப்பட்டுப் போகும் என்பதற்கு நம் வரலாற்றில் இதைவிடக் கசப்பான சான்றை நான் காணவில்லை.

எண்ணிக்கையும் சாட்சியமும்

1983 யூலை இனக்கலவரத்தில் கொழும்புத் தமிழர் வீடிழந்து முகாம்களுக்கு ஓடினர். அதன்பின் வந்த போரில் கோவில்கள் மீண்டும் அடைக்கல இடங்களாயின. பல வேளைகளில் அடைக்கலம் காக்கவுமில்லை. 1995 யூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்தவர்கள் மீது குண்டு விழுந்தது. 1999 நவம்பரில் மடுக் கோவில் வளாகத்தில் எறிகணை வீழ்ந்து ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தனர். வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகள் 1985 சனவரியில் கொல்லப்பட்டார். புத்தளையில் ஏழைச் சிங்கள விவசாயிகளோடு வாழ்ந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகள் 1987 நவம்பரில் பூசைவேளையிலேயே சுடப்பட்டார். 2009 மே மாதத்தில் சரணடைந்தவர்களோடு சென்ற பிரான்சிஸ் ஜோசப் அடிகள் இன்றுவரை திரும்பவில்லை.

இக்காலத்தில் பாடுகளின் நாடகம் புதிய வலு பெற்றது. நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் போர் நடுவிலும் திருப்பாடுகளின் காட்சியை மேடையேற்றியது. பார்த்தவர்களுக்குக் கல்வாரி தூரத்து மலையாக இருக்கவில்லை.

மாற்றத்தின் முக்கிய கட்டம் 2011 சனவரியில் வருகிறது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அரச புள்ளிவிவரங்களையே எடுத்துவைத்து, வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த எண்ணைப் பற்றிய விவாதம் இன்றும் உண்டு. இந்த ஆய்வுக்கு முக்கியம் கேள்வியின் வடிவம். வியாகுல பிரசங்கத்தில் தாய் பிள்ளையின் ஒவ்வொரு காயத்தையும் பெயர்சொல்லி அழுகிறாள். ஆயர் செய்ததும் அதுதான். அழுகை ஆணைக்குழுவின் முன் ஆவணமாயிற்று.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீயோனில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர். பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை மன்றாடினார். அதையும் மீறி மே மாதத்தில் வடமேற்கில் முஸ்லிம் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 1883ஐ மறந்தவர்களால் இதைப் புரிந்துகொள்ள முடியாது.

கொச்சிக்கடை ஆலயம் சூன் 12இல் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டுவாப்பிட்டியில் இரத்தம் தெறித்த உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தைத் துடைத்துவிடவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் அப்படியே வைத்தார்கள். உயிர்த்த உடலிலும் காயம் இருந்தது என்று யோவான் நற்செய்தி சொல்வதை இதைவிடத் தெளிவாக ஓர் ஊர் வாசித்திருக்க முடியாது. மறுபுறம், உறவுகளை இழந்த குடும்பங்களும் குருக்களும் அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றம் போயினர். 2023 சனவரி 12இல் ஏழு நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர்: எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும். 2025 ஏப்ரலில் வத்திக்கான் 167 கத்தோலிக்கரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்த்தது. திட்டமிட்டவர்கள் யார் என்ற கேள்விக்கு முழு விடை கோரும் குரல் அதன் பிறகும் ஓயவில்லை, ஓயவும் கூடாது.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வத்தளையிலும் குடியேறின. வியாகுல பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் இவ்வீடுகளில் இருந்தால், அவர்களைத் தேடிப்போய் ஊருக்கு ஊர் மாறும் மெட்டுக்களை ஒலிப்பதிவு செய்வதும், எஞ்சிய ஓலைப் பிரதிகளோடு ஒப்பிடுவதும் அடுத்த ஆய்வாளரின் முதல் வேலை. அச்சில் வந்த பாடம் கிடைக்கும். குரல் அந்தத் தலைமுறையோடு போய்விடும்.