துப்பாக்கிச் சத்தத்தில் பிறந்த மொழி

2000-ஆம் ஆண்டு வாக்கில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர் இயான் பக்குக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. 'குவேக்' என்ற சுட்டுத் தள்ளும் கேமைச் சுவர் கொள்ளாத அளவுக்கு விரித்து ஆட வேண்டும்! 32 ஜிஃபோர்ஸ் கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கோத்து, 8 புரொஜெக்டர்களைப் பூட்டினார். ஆட்டம் அமர்க்களப்பட்டது. குண்டு வீசுவதைத் தவிர இந்தக் கார்டுகளுக்கு வேறு வேலையே தெரியாதா என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை.

கணினியின் பிராசசர் தேர்ந்த சமையல்காரர் மாதிரி. எந்தப் பதார்த்தமும் செய்வார், ஆனால் ஒவ்வொன்றாகத்தான். கிராஃபிக்ஸ் கார்டோ திரையின் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் நிறம் கணக்கிடும் பட்டாளம். விஞ்ஞானிகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. சிக்கல் என்னவென்றால், கார்டுக்குப் படம் வரைவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. எனவே ஏமாற்றினார்கள். கணக்குக்கான எண்களைப் படத்தின் நிறங்களாக வேஷம் போட்டு உள்ளே அனுப்பி, திரையை அடைத்து ஒரு செவ்வகம் வரையச் சொல்வார்கள். வந்து விழும் புள்ளிகளின் நிறம்தான் விடை! ஆரம்பத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். 2002-இல் தசம எண்களைக் கையாளும் கார்டுகள் வந்தன. வேஷம் மட்டும் கலையவில்லை.

பேராசிரியர் பேட் ஹன்ரஹனின் குழுவில் இருந்த பக், 2004-இல் 'புரூக்' என்ற நிரல் மொழியை வெளியிட்டார். சி மொழியின் நீட்சி. வேஷம் போடும் வேலையை, நிரலைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் அடியில் இருந்தது பழைய ஓவியன்தான். ஒரு புள்ளியைக் கணக்கிடும் நிரல் அந்தப் புள்ளியில் மட்டுமே எழுதலாம். பக்கத்துப் புள்ளியைத் தொட முடியாது. இதை மொழியால் சரிசெய்ய வழியில்லை. சில்லையே மாற்ற வேண்டும். மாணவர் சில்லுக்கு எங்கே போவார்?

ஜிஃபோர்ஸ் கார்டுகளைச் செய்யும் என்விடியாவுக்கே போனார். அங்கே ஜான் நிக்கோல்ஸ் உள்ளிட்ட பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது, 2006 நவம்பரில் ஜிஃபோர்ஸ் 8800 கார்டோடு அறிவிக்கப்பட்டது. உச்ச மாடலில் 128 குட்டி பிராசசர்கள்; நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் எழுதலாம்; தங்களுக்குள் எண்களைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொதுத் திண்ணையும் உண்டு. மொழி அதே சி, சில சேர்க்கைகளோடு. ஒரே ஒரு ஆளுக்கான வேலையை எழுதினால் போதும். ஆயிரக்கணக்கான நகல்கள் கிளம்பி, தத்தம் வரிசை எண்ணைப் பார்த்துத் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். பெயர் 'கூடா'. என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் துணிச்சலாக ஒரு முடிவெடுத்தார்: கேம் ஆடும் பையன்கள் வாங்கும் கார்டு உட்பட எல்லாவற்றிலும் இது இருக்கும். இதை உபயோகிக்கப் போகாதவர்களின் கார்டிலும் அதற்கான கூடுதல் சுற்று, கூடுதல் செலவு. முதலீட்டாளர்கள் முகம் சுளித்தார்கள். 2008-இல் உலகப் பொருளாதாரமும் சரிய, பங்கு விலை முந்தைய ஆண்டு உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. கூடாவின் நிஜமான வாடிக்கையாளர் அதுவரை வரவே இல்லை.

வந்தபோது கம்பெனிக்கே அடையாளம் தெரியவில்லை! மூளை நரம்புகளைப் போலப் பின்னி, உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க்குகளை ஆராய்ந்த டொரண்டோ பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்டன் 2009-இல் ஒரு மாநாட்டில் என்விடியா கார்டு வாங்கும்படி சக ஆய்வாளர்களிடம் சிபாரிசு செய்தார். அதைச் சொல்லி, தனக்கு ஒரு கார்டு இலவசமாகத் தரும்படி கம்பெனியைக் கேட்டார். கார்டு வரவில்லை.

2012. ஹின்டனின் மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளை ஓடவிட்டார். ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம்தான். கூடாவில் நிரல் எழுதி, தன் நியூரல் நெட்வொர்க்கை இரண்டாக வெட்டி கார்டுக்குப் பாதியாகக் கொடுத்தார். அது கற்றுக்கொள்ளச் சுமார் 12 லட்சம் படங்கள். ஐந்தாறு நாட்கள் கார்டுகள் உழைத்தன. படங்களை அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் அடுத்த இடம் பிடித்த அணியின் பிழை 26.2 சதவீதம். ஹின்டன் அணியுடையது 15.3.

அந்த ஆண்டோடு செயற்கை நுண்ணறிவு ஆய்வு கிராஃபிக்ஸ் கார்டுகள் பக்கம் சாய்ந்தது. பத்து ஆண்டு கழித்து வந்த சாட்ஜிபிடியைப் பழக்கியதும் என்விடியா சில்லுகள்தான், அவற்றை ஆட்டிவைத்தது கூடாதான். குவேக் ஆடிய இயான் பக் என்விடியாவில் துணைத் தலைவர்களில் ஒருவராகிவிட்டார்.