நினைவைக் காத்த எழுத்து: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு

ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) புதுச்சேரியில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமைத் துபாசியாக விளங்கியவர். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கி 1761இல் இறக்கும் வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றுக்கு முதன்மையான சான்றுகளுள் ஒன்று. ‘தினப்படி சேதிக் குறிப்பு’ என்றும், தம் கையால் எழுதியது என்ற பொருளில் ‘சொஸ்த லிகிதம்’ என்றும் அது வழங்கப்படுகிறது.

எழுதத் தூண்டிய சூழல்

சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்த பிள்ளை, சிறு வயதிலேயே தந்தை திருவேங்கடம் பிள்ளையுடன் புதுச்சேரிக்கு வந்தார். தந்தையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை அங்கே கும்பினித் தரகராகச் செல்வாக்குடன் இருந்தார். 1716இல் நைனியப்பர் மீது குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். விசாரணை ஆவணங்கள் பிரெஞ்சில் எழுதப்பட்டன. அவருக்கோ அம்மொழி தெரியாது. 1717இல் சிறையிலேயே இறந்தார். பின்னர் அவருடைய மகன் குருவப்பர் பிரான்சு வரை சென்று முறையிட்டார், தீர்ப்பு மாற்றப்பட்டது. ஆனால் இறந்தவர் திரும்பி வரவில்லை.

இந்த நிகழ்ச்சிதான் நாட்குறிப்புக்குக் காரணம் என்று பிள்ளை எங்கும் சொல்லவில்லை. எனினும், ஒருவரைப் பற்றிய ஏடு பிறர் கையில் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதைக் கண்ட குடும்பம் அது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை தமக்கென்று தமிழில் ஓர் ஏடு வைத்துக்கொண்டதில் வியப்பில்லை எனலாம்.

எழுதிய முறை

எழுதத் தொடங்கியபோது பிள்ளைக்கு வயது 27. கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை, கப்பல்களின் வரவு, போக்கு ஆகியவற்றை எழுதுவதே தம் நோக்கம் என்று தொடக்கத்தில் குறிக்கிறார். நாளைக் குறிக்கும்போது ஐரோப்பியத் தேதியுடன் தமிழ் ஆண்டு, மாதம், கிழமை ஆகியவற்றையும் சேர்க்கிறார். தொடங்கிய ஆண்டு நள வருடம்.

நடை பேச்சுத் தமிழ். தெலுங்கு, பாரசீகம், பிரெஞ்சு, போர்த்துகீசியச் சொற்கள் தாராளமாகக் கலந்து வரும். துறைமுகத்தில் எத்தனை பீரங்கி வேட்டு முழங்கியது, ஆளுநர் தம்மிடம் என்ன சொன்னார், தாம் என்ன மறுமொழி கூறினார், சோதிடர் என்ன பலன் சொன்னார் என அனைத்தும் இடம்பெறும். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தது, 1749 ஆம்பூர்ப் போர், 1750இல் நாசிர் ஜங் கொல்லப்பட்டது போன்ற பெருநிகழ்வுகளும் வணிகச் சரக்கு விவரங்களும் அடுத்தடுத்து வருகின்றன.

வேதபுரீசுவரர் கோயில்

நாட்குறிப்பில் நெஞ்சை உலுக்கும் பகுதி 1748 செப்டம்பர் மாதத்தது. ஆங்கிலேயத் தளபதி போசுகாவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், சேசு சபையாரின் தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கோயிலை அகற்றப் பாதிரிமார் ஐம்பது ஆண்டுகளாக முயன்றதையும், இது தமிழர் நாடு என்று கூறி முந்தைய ஆளுநர்கள் மறுத்து வந்ததையும் பிள்ளை பதிவு செய்கிறார். ஊர்ப் பெரியவர்கள் அவரிடம் ஓடிவந்தார்கள். ஆளுநர் துய்ப்ளேக்சுக்கு மிக நெருக்கமானவர் என்றாலும் அவரால் தடுக்க இயலவில்லை. செய்ய முடிந்தது, யார் வந்தார், யார் உடைத்தார், யார் பேசாதிருந்தார் என்று அன்றே எழுதி வைத்ததுதான். கோயிலின் இறுதி நாட்களை ஒரு தமிழரின் வாய்மொழியாக நாம் அறிவது அந்த எழுத்தால்தான்.

உறுதியும் உண்மையும்

எழுதி வைத்ததெல்லாம் உண்மையாகிவிடுமா? இக்கேள்வியை மாணவர்கள் கேட்க வேண்டும். துய்ப்ளேக்சின் மனைவி ழான், துபாசிப் பதவி கிறிஸ்தவர் ஒருவருக்குப் போக வேண்டுமென விரும்பியவர். கோயில் இடிப்பு உட்படப் பல தீங்குகளுக்கு அவரையே காரணமாக்குகிறார் பிள்ளை. தம் சாதகத்திலும், தம் யோசனையின் சிறப்பிலும் அவருக்கிருந்த நம்பிக்கை அசைக்க முடியாதது. ஆளுநர் புகழ்ந்தால் அது விரிவாக இடம்பெறும். ழானோ, எதிர்த்தரப்பாரோ எழுதிய இத்தகைய ஏடு நம் கையில் இல்லை.

ஆகவே இதை இரு வகையாகப் படிக்க வேண்டும். நாள், கப்பல், விலை, ஆள் வரவு ஆகியவற்றுக்கு இது வலுவான சான்று. பிறர் மனத்தில் இருந்ததைப் பற்றி அவர் கூறுவன அவருடைய மனத்துக்கே சான்று. இரண்டுமே வரலாற்றுக்குத் தேவை.

ஏட்டின் பிற்காலம்

1754இல் துய்ப்ளேக்சு பிரான்சு திரும்பினார். 1756இல் பிள்ளையும் பதவி இழந்தார். பதவி போன பிறகும் எழுத்து நிற்கவில்லை. 1761 சனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் காலமானார்.

ஏடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கலுவா மொம்ப்ரேன் என்னும் பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டு படியெடுத்தார். அரியேல் எடுத்த படி பாரிசுத் தேசிய நூலகத்துக்குச் சென்றது. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை அரசு வெளியிட்டது. தமிழில் எழுதப்பட்ட நூலின் மூலமோ 1948 முதல்தான் புதுச்சேரியில் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது. இடையிடையே பல நாட்களின் ஏடுகள் கிடைக்கவில்லை.

அவருக்குப் பின் அதே ஊரில் இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதினார். தமிழர்க்கு நாள்வழி வரலாறு எழுதும் பழக்கம் இல்லை என்று சொல்வோர்க்கு இவ்வேடுகளே தக்க விடை. நம் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று இருக்கக்கூடும். பழைய காகிதக்காரருக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.