பேப்பருக்குள் மடித்து வந்த பத்திரிகை

1990 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க வீட்டு வாசல்களில் விழுந்த செய்தித்தாள்களுக்குள் வழக்கம்போல ‘பரேட்’ இணைப்பிதழும் இருந்தது. அதில் மெர்லின் வோஸ் சாவந்த் எழுதிவந்த கேள்வி பதில் பகுதிக்கு ஒரு வாசகர் புதிர் அனுப்பியிருந்தார். மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைக் கைகாட்டுகிறீர்கள். கார் எங்கே என்று அறிந்த நிகழ்ச்சி நடத்துநர், மீதி இரண்டில் ஆடு நிற்கும் கதவு ஒன்றைத் திறந்து காட்டிவிட்டு, வேறு கதவுக்கு மாறுகிறீர்களா என்று கேட்கிறார். மாறலாமா?

மாறுங்கள், கார் கிடைக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்றார் மெர்லின். அவ்வளவுதான், கடிதங்கள் வந்து குவிந்தன. சுமார் 10,000 கடிதங்கள். அவற்றில் ஏறக்குறைய 1,000 முனைவர் பட்டம் பெற்றவர்களுடையவை. பெரும்பாலோர் அவர் சொன்னது தப்பு என்று அடித்துச் சொன்னார்கள். மெர்லின் பின்வாங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளே வகுப்பில் செய்து பார்க்கட்டும் என்று அழைத்தார். செய்து பார்த்தவர்களின் கணக்கு அவர் பக்கமே வந்தது. காசு கொடுத்துத் தனியாக யாரும் வாங்காத ஓர் இணைப்பிதழ், ஒரு நாட்டையே நிகழ்தகவுக் கணக்குப் போட வைத்தது.

1941-ல் மூன்றாம் மார்ஷல் ஃபீல்டு இதைத் தொடங்கியபோது, கடைகளில் 5 சென்ட் விலைக்கு விற்ற படப் பத்திரிகை அது. நாளிதழ்களுக்குள் மடித்துக் கொடுக்கும் வழி பிடிபட்டதும் வளர்ச்சி வேகமெடுத்தது. 1946-ல் 35 லட்சம் பிரதிகள். வண்ணத்தில் வார இதழ் அச்சடிக்கும் வசதி சிறு நகரத்து நாளிதழ்களுக்கு இல்லை. பரேட் மொத்தமாக அச்சடித்து அனுப்பும்; உள்ளூர் பேப்பர் அதைத் தன் ஞாயிறு பதிப்புக்குள் செருகிக்கொள்ளும். நாடு முழுக்க விற்கும் பொருள்களின் விளம்பரம் பரேடுக்கு, கனமான ஞாயிறு பதிப்பு உள்ளூர் பேப்பருக்கு. தபால் செலவு இல்லை, சந்தாதாரரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பேப்பர் போடும் பையனே பரேடையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான்.

தொலைக்காட்சி வந்து, 1969-ல் ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’, 1971-ல் ‘லுக்’, 1972-ல் வார இதழாக வந்த ‘லைஃப்’ என்று பெரும் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றன. பரேடின் போட்டி இணைப்பிதழான ‘திஸ் வீக்’கும் 1969-ல் மூடப்பட்டது. அந்தச் சரிவைத் தாண்டிப் பரேடைக் கொண்டுவந்தவர், 1947 முதல் 1978 வரை ஆசிரியராக இருந்த ஜெஸ் கார்கின். 1960 மார்ச்சில் அவர் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் சோவியத் தலைவர் குருசேவுக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தவறுதலாக ஒரு போர் மூண்டுவிடாமலிருக்க, இரு தலைவர்களும் நேரடியாகப் பேசிக்கொள்ள ஓர் இணைப்பு வேண்டும் என்பது அவர் கோரிக்கை. விடாமல் வலியுறுத்தவும் செய்தார். கியூபா ஏவுகணை நெருக்கடி உலகை உலுக்கிய மறு ஆண்டு, 1963 ஆகஸ்டில், வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே அந்த இணைப்பு இயங்கத் தொடங்கியது. தொலைபேசியாக அல்ல, தொலை தட்டச்சாக. அதன் பின்னணியில் இருந்த குரல்களில் கார்கினுடையது முக்கியமானது.

அதே பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில் நடிகர் நடிகையர் பற்றிய கேள்வி பதில்! ‘வால்டர் ஸ்காட்’ என்ற புனைபெயரில் லாயிட் ஷியரர் 1958 முதல் 1991 வரை அதை எழுதினார். இந்தக் கலவைதான் பரேடின் பலம். அணுகுண்டுப் போர் மூண்டால் புகை சூரியனை மறைத்துப் பூமி உறைந்துபோகும் என்ற ‘அணுக் குளிர்கால’ எச்சரிக்கையைப் பொதுமக்களுக்குச் சொல்ல, 1983 அக்டோபரில் வானியலாளர் கார்ல் சாகன் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். அவரும் சகாக்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரை ‘சயின்ஸ்’ இதழில் வந்தது டிசம்பரில்தான். விஞ்ஞானிகள் சிலர் இந்த வரிசையைக் குறை சொன்னார்கள். ஆனால் சமையலறை மேசை வரை போய்ச் சேர வேண்டிய சேதிக்கு அதைவிட நல்ல வண்டி அன்று இல்லை.

2008 வாக்கில் பரேடின் விநியோகம் 3 கோடியே 20 லட்சம்; செருகித் தந்த நாளிதழ்கள் 400-க்கும் மேல். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அதன் பலவீனமும் வெளிச்சத்துக்கு வந்தது. ஜனவரி 6 இதழின் அட்டையில் பாகிஸ்தானின் முன்னாள் பிரதமர் பேநசீர் பூட்டோ, உள்ளே அவருடன் நேர்காணல். அவரோ டிசம்பர் 27 அன்றே கொல்லப்பட்டிருந்தார். இதழ் டிசம்பர் 21-க்குள் அச்சேறிவிட்டது. கோடிக்கணக்கில் அச்சடித்து நாடு முழுக்க அனுப்பும் பத்திரிகை, கடைசி நேரத்தில் ஒரு பக்கத்தைக்கூட மாற்ற முடியாது. இணையத்தில் நிமிடத்துக்கு நிமிடம் செய்தி படிக்கப் பழகிய வாசகருக்கு அது விசித்திரமாகத்தான் பட்டிருக்கும்.

ஆனால் பரேடைச் சாய்த்தது அந்தத் தாமதம் அல்ல. சுமந்துவந்த நாளிதழ்களே தளர்ந்தன. வரி விளம்பரம் இணையத்துக்குப் போனது, பிரதிகள் குறைந்தன, பேப்பர் சுருங்கச் சுருங்க பரேடும் மெலிந்தது. சொந்தமாகச் சந்தாதாரர் இல்லாத பத்திரிகை, வாசகர் விலகிப் போவதைத் தடுக்கத் தானாக என்ன செய்துவிட முடியும்? 1976 முதல் அதை வைத்திருந்த அட்வான்ஸ் நிறுவனம் 2014-ல் ஆத்லான் குழுமத்துக்கு விற்றது. எஞ்சியிருந்த போட்டி இணைப்பிதழ் ‘யுஎஸ்ஏ வீக்கெண்ட்’ அதே ஆண்டின் இறுதியில் நின்றது. 2022-ல் மறுபடியும் கைமாறிய பரேடின் கடைசி அச்சிதழ் அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று வெளிவந்தது. அடுத்த ஞாயிறு பேப்பரைப் பிரித்தவர்களுக்கு உள்ளே உருவி எடுக்க அது இல்லை. பரேட் என்ற பெயரில் இன்று இருப்பது ஓர் இணையதளம்.